மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

கோரா ஸ்டர்கில்லுக்குக் காலையிலிருந்தே பயமாய் இருந்தது. ரத்தத்தைப் பார்த்து அல்ல. அவள் அப்பா மான் அடித்து வந்து கொட்டகையில் தொங்கவிட்டுத் தோலுரிப்பதைச் சின்ன வயதிலேயே பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். ரத்தமாவது மண்ணாவது! அவளுக்குப் பயமெல்லாம் ஒரே ஒரு மனிதரைப் பார்த்துத்தான். டாக்டர் ஹாஸ்கெல்.

வருஷத்துக்கு ஒருமுறை, அக்டோபரில், மாவட்டக் கண்காட்சித் திடலில் இலவசப் பல் முகாம் போடுவார்கள். கிழக்குக் கென்டக்கியின் மலைப் பள்ளங்களிலிருந்து ஜனங்கள் முந்தின நாளே டிரக்குகளில் வந்து, அதற்குள்ளேயே சுருண்டு படுத்து, விடிவதற்குள் வரிசையில் நின்றுவிடுவார்கள். கோடையில் கன்றுக்குட்டிகளுக்குப் பரிசு கொடுக்கிற கொட்டகைதான் முகாம். எத்தனை தடவை தேய்த்துக் கழுவினாலும் அந்த மாட்டு வாடை மட்டும் போகவே போகாது.

கோரா அங்கே தன் பல்லைக் காட்ட வரவில்லை. பல் டாக்டருக்குப் படிக்க வேண்டும் அவளுக்கு. மார்க்கெல்லாம் இருந்தது. ஆனால் அந்தப் படிப்புக்கு மார்க் மட்டும் போதாது. டாக்டர்கள் பக்கத்தில் நின்று அவர்கள் வேலை செய்வதை நாள்கணக்கில் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்; அவர்களில் ஒருவராவது 'இந்தப் பெண் தேறுவாள்' என்று எழுதித் தர வேண்டும். டாக்டர் பிள்ளைகளுக்கு இது ஒரு விஷயமே இல்லை, வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே முடிந்துவிடும். கோராவின் ஊரில் இருந்த ஒரே பல் டாக்டரும் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். அவள் சுற்றுவட்டாரத்தில் ஒரு கிளினிக் விடாமல் போன் பண்ணிப் பார்த்தாள். எல்லோரும் தேன் ஒழுகப் பேசி, இல்லை என்றார்கள். போன வருஷம் போட்ட விண்ணப்பம் அதனாலேயே திரும்பி வந்தது. அதிலிருந்து ஒரு மலிவு விலைக் கடையில் கல்லாவில் நின்று சோப்பும் சிகரெட்டும் விற்றுக்கொண்டிருக்கிறாள். இந்த வருஷமும் போனால் அடுத்த வருஷம் முயற்சி செய்ய அவளுக்கே தெம்பிருக்காது.

டாக்டர் ஹாஸ்கெல் அவள் விண்ணப்பம் போட்ட கல்லூரியில்தான் பாடம் நடத்துகிறார். யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்று முடிவு செய்கிற நாலைந்து பேரில் அவரும் ஒருவர். அவளைப் போலவே முகாமில் நின்று பார்க்கவும் உதவவும் வந்த மாணவர்களில், அவர் நாற்காலிக்குக் கோராவைப் போட்டார்கள். அதிர்ஷ்டம் என்று மற்ற மாணவர்கள் பொறாமைப்பட்டார்கள். அதிர்ஷ்டமா அது? உயரமாய், நரைத்த புருவத்தோடு, சிரிப்பு என்பதே என்னவென்று தெரியாத முகம். காலையில் கோரா 'குட் மார்னிங்' சொன்னபோது, அவர் அவளைத் தாண்டி விளக்கைப் பார்த்து, "அதக் கொஞ்சம் தாழ்த்து," என்றார். அவ்வளவுதான் அவர்கள் பேசிய பேச்சு.

முகாமை நடத்துகிறவள் மார்லீன். முப்பது வருஷமாய்ப் பல் டாக்டர்களுக்கு உதவியாளாய் இருந்து, இப்போது டாக்டர்களையே அதட்டுகிறவள். மாணவர்களை வரிசையாய் நிறுத்தி விடிகாலையிலேயே சட்டம் சொல்லிவிட்டாள்.

"பிள்ளைங்களா, நல்லாக் கேட்டுக்கங்க. நீங்க இங்க வெறும் கண்ணு. வாயும் கிடையாது, கையும் கிடையாது. ஆளக் கூட்டிட்டு வரணும், உக்கார வைக்கணும், இந்த மஞ்சக் கோட்டுக்குப் பின்னாடி நின்னு பாக்கணும். நோயாளி எதாச்சும் கேட்டா, 'டாக்டருக்குத் தெரியும்'னு சொல்லணும். நீங்களா வைத்தியம் பேசினீங்க, அப்புறம் நான் பேசுவேன்."

ஒவ்வொரு நாற்காலியைச் சுற்றியும் தரையில் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டிருந்தது. அவள் சொன்ன சட்டத்தை முதலில் யாரும் பெரிதாய் எடுத்துக்கொள்ளவில்லை. பிராண்ட் என்கிற பையன் கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டே, டாக்டர் ஹாஸ்கெல் பிடுங்கிய முதல் பல்லைப் பார்த்து, "அடேயப்பா, வேரப் பாருங்கடா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். நாற்காலியில் இருந்த கிழவர் பதறிப்போய்த் தலையைத் தூக்கினார். டாக்டர் ஹாஸ்கெல் குறடைக் கீழே வைத்தார். திரும்பக்கூட இல்லை.

"அந்தப் பையன காபிக் கூடாரத்துக்கு அனுப்புங்க. அங்க எவ்வளவு வேணும்னாலும் பேசிக்கட்டும்."

பிராண்ட் கண்ணில் தண்ணீர் முட்ட வெளியே போனான். அங்கே காபி கொடுக்கிற சர்ச்சுப் பெண்களோடு நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் பிஸ்கட்டும் சாசேஜும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கோரா அதைப் பார்த்தாள். இன்றைக்கு இந்த வாயைத் திறக்கவே கூடாது என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள்.

அந்த முகாமில் வேலை நடக்கிற விதம் இப்படி. வாசலில் ஒரு டாக்டர் எல்லோர் வாயையும் பார்த்து, எந்தப் பல்லை எடுப்பது என்று முடிவு செய்வார். போன வருஷம் மழையும் காற்றும் அடித்துக் காகிதங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து பெரிய ரகளையாகிவிட்டதால், மார்லீன் இந்த வருஷம் புது ஏற்பாடு செய்திருந்தாள். காகிதம் வாசல் மேஜையிலேயே இருந்துவிடும். எடுக்க வேண்டிய பல்லை ஒரு வெள்ளைப் பிளாஸ்திரியில் கறுப்பு மையால் எழுதி ஆளின் தோளில் ஒட்டிவிடுவார்கள். அங்கிருந்து கொட்டகைச் சுவரோரம் மடக்கு நாற்காலியில் உட்கார வேண்டும். ஓர் இளம் டாக்டர் பிளாஸ்திரியைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போகிற ஊசி போட்டுக்கொண்டே வருவார். மரத்ததும், மாணவர்கள் பிடுங்குகிற நாற்காலிக்குக் கூட்டிப்போவார்கள். பிடுங்குகிறவரும் பிளாஸ்திரியைத்தான் பார்ப்பார். காகிதம் பறக்கும், பிளாஸ்திரி பறக்காது என்பது மார்லீனின் கணக்கு.

கோரா சுவரோரம் போனபோது, அடுத்த முறை ஒரு பெண்ணுடையது. பெயர் வெல்டா ராட்லிஃப் என்றாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஆம்பளை வேலைக்குப் போடுகிற கனத்த கான்வாஸ் ஜாக்கெட் ஒன்றுக்குள் புதைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். கை விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. அத்தனை பெரிய ஜாக்கெட்டுக்குள்ளும் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. தோளில் பிளாஸ்திரி இருந்தது. மேல் வரிசை, முன்பல் ஆறும்.

இளம் டாக்டர் ஊசியோடு வந்தார். பிளாஸ்திரியைப் பார்த்தார், அவள் மேலுதட்டைத் தூக்கினார்.

வெல்டா கோராவைப் பார்த்து மெல்லக் கேட்டாள். "கண்ணு, மேலயுமா போடுறாங்க?"

கோராவுக்கு அவளுடைய கண்ணைப் பார்க்கப் பிடிக்கவில்லை. தன்னுடைய பயத்தையே இன்னொருத்தர் முகத்தில் பார்ப்பது யாருக்குப் பிடிக்கும்? பக்கத்தில்தான், தன் நாற்காலியருகே, டாக்டர் ஹாஸ்கெல் நின்றுகொண்டிருந்தார். அவர் காது கேட்கிற தூரம்.

"டாக்டருக்குத் தெரியும், மேடம்," என்றாள்.

வெல்டா தலையை ஆட்டிக்கொண்டாள். ஊசி இறங்கியது. அவள் ஜாக்கெட் கைக்குள்ளிருந்து விரலை நீட்டிக் கோராவின் கையைத் தேடிப் பிடித்தாள். கோரா ஒரு நொடி விட்டுவிட்டு, பிறகு மெதுவாய்க் கையை உருவிக்கொண்டாள். கை கிடையாது என்று மார்லீன் சொல்லியிருக்கிறாளே.

அந்த ஊர்ப்பக்கத்துப் பெண்கள் இப்படித்தான். ராத்திரியெல்லாம் டிரக்கில் குளிரில் கிடந்து, இலவசமாய் ஒருத்தர் வைத்தியம் பார்க்கும்போது எதிர்க் கேள்வி கேட்டால் எங்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற நடுக்கம். வெல்டாவின் அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே மேல்பல் முழுக்க எடுத்துப் பொய்ப்பல் கட்டிவிட்டார்களாம். அதை அவளே நாற்காலிக்கு நடந்து போகும்போது, மரத்த உதட்டோடு குழறிக் குழறிச் சொன்னாள். "எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான்... எல்லாருக்கும் ஒருநா இதுதான போல," என்று சிரிக்கப் பார்த்தாள். கோரா அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

டாக்டர் ஹாஸ்கெல் வெல்டாவைச் சாய்த்துப் படுக்க வைத்து, விளக்கை இழுத்து, வாய்க்குள் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் சில வருஷம் ஓட்டியிருக்கலாம் போலிருக்கே," என்று தனக்குள் முனகிக்கொண்டார். காலையிலிருந்து எத்தனையோ வாய்களைப் பார்த்தவர். எல்லா வாயும் ஒரே மாதிரி பழுப்பாய், ஈறு வீங்கி இருந்தன. "மேல முன்பல்லு ஆறும், சரிதானம்மா?"

வெல்டா தலையாட்டினாள். அவர் 'தலையையே எடுக்கப் போறேன்' என்று சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பாள்.

"அடுத்த ஆள இப்பவே ரெடியா வை," என்றார் கோராவிடம்.

கோரா சுவரோரம் போனாள். வெல்டாவுக்கு அடுத்திருந்த நாற்காலி காலியாய் இருந்தது. அதில் உட்கார்ந்திருக்க வேண்டியவரைத் தேடிக்கொண்டு வாசல் பக்கம் வந்தாள். அங்கே ஓர் ஆள் வெறும் சட்டையோடு, கைகளைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு, குளிரில் குதித்துக் குதித்து மேஜைக்காரியோடு வாதாடிக்கொண்டிருந்தார். அறுபது வயசு இருக்கும். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இருக்கிற நீலத் தழும்பு மூக்கில் இருந்தது.

"ஏம்மா, ராத்திரிலேந்து நிக்கிறேன். மறுபடி கடைசிலேந்து வான்னா எப்பிடி? அந்த ஊசிக்காரத் தம்பி பிளாஸ்திரி இல்லாம ஊசி போடமாட்டேங்குது. நான் என்ன செய்வேன்?"

"பிளாஸ்திரி எங்க, ஹோபர்ட்? தின்னுட்டீங்களா?" என்றாள் மேஜைக்காரி.

"திங்கறதுக்கு இருக்கறது ஆறே பல்லு, அதயும் இன்னிக்கு உங்கிட்டக் குடுக்க வந்திருக்கேன், கேலி வேறயா? பிளாஸ்திரி கோட்டுல இருந்துச்சு. கோட்டு அந்தப் பொண்ணுகிட்டப் போயிருச்சு."

கோரா நின்றுவிட்டாள்.

"எந்தப் பொண்ணு?" என்றாள். அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை. மறுபடி கேட்டாள்.

"எம் பக்கத்துல உக்காந்திருந்துச்சே, அதுதாம்மா. கோழிக்குஞ்சாட்டம் வெடவெடன்னு நடுங்குச்சு. பாக்கப் பொறுக்கல, எங்கோட்டக் கழட்டிப் போத்திவிட்டேன். பாவம், கீழ் கடவாய்ல ஒரே ஒரு சொத்தப் பல்லு, அதுக்கே உசுர விடுது. என்னயப் பாரு, ஆறயும் எடுக்கச் சொல்லிட்டு..."

கடவுளே! கீழ்க் கடைவாயில் ஒன்று.

வெல்டாவின் சொந்தப் பிளாஸ்திரி ஜாக்கெட்டுக்கு அடியில், ஸ்வெட்டர் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே தெரிவது ஹோபர்ட்டின் பிளாஸ்திரி. குளிரில் நடுங்குகிறவளுக்குக் கோட்டைக் கொடுக்கிற மனிதர்கள் இருக்கிற ஊரில், பிளாஸ்திரியைக் கோட்டின் மேல் ஒட்டக்கூடாது என்று மார்லீனுக்கும் தோன்றவில்லை, வாசல் டாக்டருக்கும் தோன்றவில்லை.

கோரா ஓடினாள். வாளியில் கால் இடித்து, சர்ச்சுப் பெண் ஒருத்தியின் காபியைக் கொட்டி, "ஏய், பாத்துப் போடி!" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடினாள். மஞ்சள் கோட்டுக்கு வந்தாள்.

வந்தவள் அங்கேயே நின்றாள்.

டாக்டர் ஹாஸ்கெல்லின் முதுகு தெரிந்தது. அவர் முழங்கை மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே கருவியை விட்டு நெம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மார்லீன் உறிஞ்சு குழாயைப் பிடித்திருந்தாள். வெல்டாவின் கண் மட்டும் அகலத் திறந்து, பக்கவாட்டில் உருண்டு, கோராவின் மேல் வந்து நின்றது.

சொல்லு, என்றது கோராவின் மனசு. இப்போதே சொல்லு.

வாய் வரவில்லை. சத்தியமாய் வரவில்லை. அவர் கருவி உள்ளே இருக்கிறது, இப்போது கத்தினால் கை தவறி எங்காவது குத்திவிட்டால்? ஒருவேளை ஹோபர்ட் சொன்னது தப்பாய் இருந்தால்? அந்தப் பெண்ணுக்கும் மேல்பல்லே எடுக்க வேண்டியதாய் இருந்தால்? டாக்டர் இப்போது திரும்பிப் பார்த்து, புருவத்தைத் தூக்கி, 'இவளையும் காபிக்கு அனுப்புங்க' என்பார். அதோடு சரி. அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் கல்லா. அவர் கருவியைக் கீழே வைக்கட்டும். வைத்த உடனே சொல்லிவிடலாம். ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம். கோரா தன் கால் கட்டைவிரலை மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் சரியாய் வைத்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கே தெரியும், அது நியாயமில்லை என்று. தெரிந்தும் நின்றாள்.

டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். வைத்த கையோடு குறடை எடுத்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. அவர் மணிக்கட்டு இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. ஈரத்தில் சிக்கின செருப்பை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். தட்டில் 'டங்' என்று விழுந்தது ஒரு பல். முன்னால் நட்டநடுவில் இருக்கிற பல். நல்ல பல்.

அப்போதுதான் கோரா கத்தினாள். கொட்டகையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"நிறுத்துங்க! டாக்டர், நிறுத்துங்க! அது அவங்க கோட்டு இல்ல! அது அவங்க பிளாஸ்திரி இல்ல!"

டாக்டர் ஹாஸ்கெல் குறடு பிடித்த கையை அப்படியே காற்றில் நிறுத்தினார். திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல், வெல்டாவின் ஜாக்கெட் தோளைப் பிடித்துக் கீழே இறக்கினார். உள்ளே, ஸ்வெட்டரில், கசங்கிப்போன இன்னொரு பிளாஸ்திரி. கீழ்வரிசை, வலது கடைவாய், ஒன்று. அவர் முகம் வெளிறிப்போனதைக் கோரா பார்த்தாள். அந்த மனிதருக்கும் பயம் வரும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைப் பார்த்ததில் அவள் பயம் இரண்டு மடங்காயிற்று.

"மார்லீன், உப்புத் தண்ணி. வேர யாரும் தொடாதீங்க." அவர் பல்லை மேல்பக்கமாய்ப் பிடித்துத் தூக்கி, உப்புத் தண்ணீரில் அலசினார். குனிந்து வெல்டாவின் காதருகே, ஒளிக்காமல் சொன்னார். "அம்மா, நான் தப்பான பல்ல எடுத்துட்டேன். தப்பு என்னோடது. இப்பவே திருப்பி வைக்கிறேன். சில நேரம் பிடிச்சுக்கும். அசையாதீங்க."

வெல்டா அசையவில்லை. கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

அவர் பல்லைக் குழிக்குள் மெல்ல அழுத்தி வைத்தார். "நீ, பொண்ணே, கையுறை போடு. உள்ள வா. இதப் பிடி. அழுத்தாத, விடவும் விடாத."

கோரா மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். விரல் நடுங்கினால் பல் நடுங்கும் என்று மூச்சையே பிடித்துக்கொண்டாள். விரலுக்கடியில் அந்தப் பல் சூடாய் இருந்தது. லேசாய் ஆடியது. வெல்டாவின் கண் ஓர் அடி தூரத்தில் இருந்தது. கோரா அதைப் பார்க்காமல் பல்லையே பார்த்தாள்.

பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்ட மெல்லிய கம்பி வேண்டும். பிடுங்குவதற்கென்று போட்ட முகாமில் கட்டுவதற்குக் கம்பி எங்கே இருக்கும்? மார்லீன் பெட்டி பெட்டியாய்க் கவிழ்த்தாள். டாக்டர் தலையைத் தூக்கி, கொட்டகை முழுக்கக் கேட்க, "யார்கிட்டயாவது மீன் பிடிக்கிற நரம்பு இருக்கா?" என்றார்.

என்ன கேள்வி அது! அந்த ஊரில் நரம்பு இல்லாத டிரக் உண்டா? பத்துப் பேர் எழுந்தார்கள். முதலில் வந்தவர் ஹோபர்ட்தான், வெறும் சட்டையோடு, மூச்சிரைக்க. "பிரிக்காத சுருள், டாக்டர். நல்ல கெட்டி நரம்பு. பெரிய கெளுத்தியே தாங்கும்," என்றார். பிறகு வெல்டாவைப் பார்த்துவிட்டு "எங்கோட்டாலதானா?" என்றார்.

நரம்பை ஸ்பிரிட்டில் துடைத்து, பற்களின் மேல் வளைத்து, வெள்ளைப் பசை வைத்து, அதை இறுகவைக்கிற நீல விளக்குப் பிடித்துக் கட்டினார்கள். கோரா விரலை எடுத்தாள். பல் நின்றது. பிறகு வெல்டாவின் நிஜமான சொத்தைப் பல்லையும் மரக்கவைத்து எடுத்தார்கள். எல்லாம் முடிந்தபோது டாக்டர் ஹாஸ்கெல், அடுத்த வாரமே தன்னிடம் வரவேண்டும், பல் பிடித்தாலும் வேருக்கு வைத்தியம் செய்ய வேண்டும், பிடிக்காமலும் போகலாம், எது ஆனாலும் தன் பொறுப்பு என்று அவளிடம் மெதுவாய், இரண்டு தடவை சொன்னார். வெல்டா அதற்கும் தலையாட்டினாள்.

டாக்டர் கைகழுவ வந்த இடத்தில் கோரா நின்றிருந்தாள்.

"உம் பேரு என்ன?"

"கோரா. கோரா ஸ்டர்கில்."

"நீ கத்தலேன்னா ஆறும் போயிருக்கும், கோரா. அப்பறம் என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. என் முன்னாடி அப்பிடிக் கத்தறதுக்கு எங்க டாக்டருங்களுக்கே தைரியம் கிடையாது." கையைத் துடைத்துக்கொண்டே அவளை முதல்முறையாய் நேராய்ப் பார்த்தார். "உனக்கு எழுதித் தரணும்ல? நான் எழுதுறேன். இன்னிக்கு நடந்ததயும் சேர்த்தே எழுதுறேன்."

அவர் போய்விட்டார். கோராவுக்குச் சந்தோஷம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நிமிஷம்தான். பிறகு காலையில் இருந்த அதே பயம், இன்னும் கனமாய் வந்து உட்கார்ந்தது. அவள் எப்போது கோட்டருகே வந்து நின்றாள் என்று அவருக்குத் தெரியாது. மார்லீனும் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாது என்று கோரா சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே, வெளியே எல்லோரும் இளைப்பாறுகிற இடத்துக்கு வெல்டாவுக்காக ஐஸ் பை எடுத்துக்கொண்டு போனாள். போகாமல் இருக்க முடியவில்லை.

வெல்டா வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாயில் பஞ்சு. ஹோபர்ட் தன் ஜாக்கெட்டை வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துவிட்டு, மறுபடி கடைசியிலிருந்து வரிசையில் நின்றிருந்தார். கோரா ஐஸ் பையை நீட்டினாள். வெல்டா வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு பஞ்சை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, மரத்த வாயால், ஒவ்வொரு வார்த்தையாய்ச் சொன்னாள்.

"நீ வந்து நின்னத நான் பாத்தேன், கண்ணு."

கிளம்பப் போன கோரா அப்படியே நின்றாள்.

"மூச்சு வாங்கிட்டு ஓடி வந்த. ஒன் மூஞ்சியப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு, என்னமோ தப்புன்னு. இந்தப் பொண்ணு சொல்லிரும், இப்ப சொல்லிரும்னு பாத்துட்டே கெடந்தேன்." ஐஸ் பையை மாற்றிப் பிடித்தாள். "என் வாய்க்குள்ள அவரு கை இருந்துச்சு. ஒன் வாய்க்குள்ள என்ன இருந்துச்சு?"

கோபமாய்க் கேட்டிருந்தால் கோரா ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். கருவி உள்ளே இருந்தது, கை தவறியிருக்கும் என்று அழகாய் ஒரு காரணம் தயாராய் இருந்தது. வெல்டா கோபமாய்க் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"பயம்," என்றாள் கோரா.

"டாக்டரப் பாத்தா?"

"ம். அவரு எனக்கு எழுதித் தரணும். அப்பத்தான் எனக்குப் படிக்க இடம் கெடைக்கும். பேசினா தரமாட்டாருன்னு..."

வெல்டா நாக்கு நுனியால் மேலே, நரம்பு கட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இப்ப எழுதித் தாரேன்னு சொல்லிட்டாரா?"

கோரா தலையை ஆட்டினாள்.

"நல்லதாப் போச்சு, கண்ணு," என்றாள் வெல்டா. அவள் குரலில் குத்தலே இல்லை. யாரோ ஒரு பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டதென்று கேள்விப்பட்டால் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு, பஞ்சைத் திரும்பக் கடித்துக்கொண்டு, முகத்தை வெயில் பக்கம் திருப்பிக்கொண்டாள்.